வெள்ளையடித்த சிலுவைகள்

பிலோமினாள் கோயிலின் கல்லறைத் தோட்டம் இவ்வளவு சுத்தமாக இருந்து ஜெசிந்தா பார்த்ததே இல்லை.

அவள் இன்னும் காரை விட்டு இறங்கவில்லை. மடியில் ஒரு துணிப்பை, பைக்குள் ஒரு சின்ன மரப்பெட்டி, பெட்டிக்குள் அவள் புருஷன் சூசைநாதன். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம். பக்கவாதம் வந்து நாலு வருஷம் கட்டிலில் கிடந்து, ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தார். சாலாக் செலாத்தானிலிருந்து வரும் வழியெல்லாம் அந்தப் பெட்டி தொடையில் கனத்துக்கொண்டே வந்தது.

"பரவால்லயேம்மா! புல்லெல்லாம் வெட்டிட்டாங்க," என்றான் மகன் கிளமென்ட், என்ஜினை நிறுத்தியபடி. "நான் கொத்தறதுக்குச் சங்கோல், வெட்டறதுக்குப் பாராங் எல்லாம் எடுத்துட்டு வந்தேன். வேஸ்ட் லா."

ஜெசிந்தாவின் கண் வேலியோரத்தில் நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் நிற்பதுபோல, வேலி நெடுகச் சிலுவைகள் நேர்வரிசையாக நின்றன. எல்லாம் ஒரே வெள்ளை. தோட்டத்தின் நடுவில் ஒன்றுகூட இல்லை. அங்கே மொட்டைத் தரை.

கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது அந்தக் கோயில். ஒரு காலத்தில் அது ரப்பர் தோட்டத்துக் கோயில். ரப்பர் போய் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் குடியிருப்பு வீடுகளும் கன்டெய்னர் கிடங்குகளும் வந்தன. கோயில் மட்டும் லோரிப் புழுதிக்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. பின்னால் கல்லறைத் தோட்டம், அதில் இரண்டு பகுதி. முன்பகுதியில் ஈழத்தலரி மரங்களுக்கு அடியில் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார்களும் அவர்கள் பெண்டாட்டிகளும் இரண்டு பிரெஞ்சுச் சாமியார்களும் படுத்திருந்தார்கள். கருங்கல் பலகை, சுற்றிலும் இரும்புக் கம்பி, பக்கத்தில் ஆங்கிலத்தில் விளக்கப் பலகை. அவர்களுக்கு எப்போதும் ஒரு குறையும் இருந்ததில்லை.

பின்பகுதி ஓடைப் பக்கமாகச் சரிந்து இறங்கும். பால்மரம் வெட்டியவர்கள், தண்டவாளம் போட்டவர்கள், அவர்கள் பெற்று இழந்த பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். அவர்களுக்குக் கருங்கல் இல்லை. நாலு பலகையை அடித்து அச்சு செய்து, வீட்டு வாசலிலேயே சிமெந்து ஊற்றி, காய்வதற்குள் ஆணியால் பெயரைக் கீறி எடுத்து வந்து நட்ட சிலுவைகள். அங்கே புல் இடுப்புக்கு மேல் வளரும். கல்லறைத் திருநாளுக்கு முந்தின வாரம் அவரவர் வீட்டுக்காரர்கள் வந்து அவரவர் கல்லறையை மட்டும் வெட்டிச் சுத்தம் செய்துகொள்வார்கள். ஆள் இல்லாதவர்களுக்கு லாலாங் புல்தான். கோயில்காரர்கள் உடைந்த பெஞ்சையும், போன கிறிஸ்மஸின் பலகை நட்சத்திரத்தையும், துருப்பிடித்த கூடாரக் கம்பியையும் கொண்டுவந்து அங்கேதான் போடுவார்கள். சூசைநாதன் நடமாடிக்கொண்டிருந்த காலத்தில் ஒவ்வொரு பங்குக் கூட்டத்திலும் எழுந்து கேட்பார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். அடுத்த வருஷமும் அதையே சொல்வார்கள். துரைமார் கல்லுக்கு மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை சோப்பு நுரை ஓடும்.

கடைசி வரிசையில் ரோசலின் இருந்தாள். அவர்களின் மூத்த மகள். ஆறு வயதில், தொண்ணூற்று ஒன்றில், டெங்கிக் காய்ச்சலில் போனவள். அவளுக்குப் பிறகு கொஞ்ச நாளில் இடம் நிறைந்துவிட்டது என்று அங்கே புதைப்பதையே நிறுத்திவிட்டார்கள். பேச்சு போவதற்கு முன்னால் சூசைநாதன் சொல்லி வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். "என்னை எரிச்சு பாப்பாகிட்ட வச்சிடு." புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஃபாதர் நோயலிடம் கேட்டதற்கு, குடும்பக் கல்லறை இருந்தால் சாம்பலை அதில் வைப்பதில் தடை இல்லை, கல்லறைத் திருநாளன்றே மந்திரித்து வைத்துவிடலாம் என்று சொல்லியிருந்தார்.

அந்த நாள் இதுதான். வைக்கவேண்டிய இடம்தான் காணவில்லை.

"வாங்க ஆன்டி, வாங்க! எப்படி இருக்கு நம்ம வேலை?"

பேட்ரிக் அய்யாவு கையை விரித்துக்கொண்டு வந்தார். பங்குப் பேரவைத் தலைவர். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பூப்போட்ட பாத்தேக் சட்டையில் மடிப்புக் கலையவில்லை.

"ஒரே நாள் கோத்தோங்-ரோயோங், எல்லாரும் கூடி எறங்கிட்டோம். யூத் குரூப் பிள்ளைங்க பின்னி எடுத்துட்டாங்க. ரெண்டு லோரி குப்பை போச்சு. அடுத்த வாரம் ஹெரிட்டேஜ் ஆளுங்க வராங்க ஆன்டி, முன்னாடி இருக்கிற பழைய கல்லையெல்லாம் பாக்க. போட்டோ எடுக்கறப்ப பின்னாடியும் நீட்டா தெரியணும்ல?"

"சிலுவையெல்லாம் ஏன் அங்க நிக்குது?"

"பாதி சாஞ்சு கிடந்துச்சு. புல்லு மெஷின் உள்ள போக முடியல. அதான் எல்லாத்தையும் புடுங்கி, கழுவி, பெயின்ட் அடிச்சு, வேலியோரமா நேரா வச்சிட்டோம். அழகா இல்ல?"

"எது எங்க இருந்துச்சுன்னு குறிச்சு வச்சீங்களா?"

அப்படி ஒரு கேள்வி இருப்பதே பேட்ரிக் அய்யாவுக்கு அப்போதுதான் தெரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"எல்லாம் நம்ம ஆளுங்கதான ஆன்டி," என்றார்.

ஜெசிந்தா பையை மார்போடு அணைத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தாள். பெயின்ட் வாடை மூக்கில் ஏறியது. பிள்ளைகள் தாராளமாகத்தான் அடித்திருந்தார்கள். ஆணியால் கீறிய எழுத்துகளுக்குள் வெள்ளை வழிந்து இறங்கி உறைந்திருந்தது. சில சிலுவைகளில் ஒரு சுழியும் ஒரு காலும் மட்டும் மிச்சம். சிலவற்றில் அதுவும் இல்லை. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில், கறையான் தின்ற புத்தகத்திலிருந்துகூடப் பெயரைத் தேடி எடுத்து ஒட்டி வைத்தவள் அவள். இங்கே மனுஷர்களின் பெயரை ரோலர் வைத்து அழித்திருந்தார்கள்.

கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனாள். ரோசலினுடைய சிலுவையில் சூசைநாதன், துறைமுகக் குவாட்டர்ஸ் குளியலறையில் மிஞ்சிய நீல டைல்ஸ் சில்லுகளைப் பதித்திருந்தார். பிள்ளைக்கு நீலம் பிடிக்கும். வரிசையின் கடைசிக்குப் பக்கத்தில் விரல் அந்த மேடுபள்ளத்தில் இடறியது. நீலத்தின் மேலும் வெள்ளை.

"கெடச்சிடுச்சாம்மா?" என்றான் கிளமென்ட்.

"சிலுவை கெடச்சுது."

"அப்புறம் என்ன?"

"உன் அக்கா எங்கடா?"

அக்கா போனபோது அவன் கைக்குழந்தை. வருஷாவருஷம் அப்பா தோளில் உட்கார்ந்து வந்து மெழுகுவர்த்தி ஏற்றிய இடம் அவனுக்குச் சிலுவையால் மட்டும்தான் அடையாளம்.

அதற்குள் ஒவ்வொரு குடும்பமாக வர ஆரம்பித்தது. வானம் மழைக்குக் கறுத்துக்கொண்டு வந்தது. அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பூசை முடிந்ததும் சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு கல்லறைக்குக் கல்லறை வருவார். யார் பெயரையும் கூப்பிட மாட்டார். எங்கே மெழுகுவர்த்தி எரிந்து, பக்கத்தில் ஆள் நிற்கிறதோ அங்கேதான் நிற்பார், மந்திரிப்பார். அதனால் மணி அடிப்பதற்குள் அவரவர் இடத்தில் நின்றுவிட வேண்டும். இன்றைக்கு எல்லாருக்கும் கையில் மெழுகுவர்த்தி இருந்தது, நிற்க இடம்தான் தெரியவில்லை. பூக்கூடையும் கையுமாகத் திருவிழாவில் தொலைந்தவர்கள் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

பேட்ரிக் அய்யாவு கை தட்டினார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க! ஒண்ணும் கன்ஃபியூஸ் ஆகாதீங்க. உங்க உங்க சிலுவை முன்னாடி போயி நில்லுங்க. வேலியோரமா. ஃபாதருக்கும் ஈஸி, ஒரே லைன்ல வந்துடுவாரு."

சில பேர் நகர்ந்தார்கள். சொன்னதும் நகர்ந்து பழகிய ஜனம்.

"நான் நிக்க மாட்டேன்," என்றாள் ஜெசிந்தா.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் நகர்ந்தவர்கள் நின்றார்கள்.

"ஆன்டி, கொஞ்சம் பொறுங்க, சபார் லா..."

"முப்பது வருஷத்துக்கு மேல சபாராத்தான் இருந்தோம் பேட்ரிக். நான் சிலுவையைப் பாக்க வரல, பிள்ளையைப் பாக்க வந்தேன். சிலுவையை நீங்க நகத்தலாம். பிள்ளை நகரமாட்டா. அவ எங்க இருக்கான்னு சொல்லுங்க, அங்க போயி நிக்கறேன்."

"பொதைச்சவங்க பேரு எழுதுன புத்தகத்துல பாத்துச் சொல்லிடலாம்னா, அதுதான் வெள்ளத்துல போச்சே..."

"புத்தகம் வெள்ளத்துல போச்சு. சிலுவை உங்க கையால போச்சு."

கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். பேட்ரிக் அய்யாவு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சோம் ஆன்டி. இத்தனை வருஷம் யாரும் கவனிக்கலன்னு திட்டினீங்க. இப்ப கவனிச்சா அதுக்கும் திட்றீங்க."

அந்தப் பேச்சுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காடாகக் கிடந்தபோதாவது ஒவ்வொருவரும் தன் இடத்தில் கிடந்தார்கள். இப்போது ஊரே சேர்ந்து அவர்களைத் தொலைத்துவிட்டுக் கைதட்டலுக்கு நிற்கிறது.

அவள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "உங்க ஆளுங்க எங்க படுத்திருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியும். சிலுவையை மறந்துட்டு, தரையைப் பாத்து ஞாபகப்படுத்துங்க. தெரிஞ்சவங்க போயி நில்லுங்க. தெரியாதவங்க, பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு யோசிச்சு அவங்க கிட்டப் போயி நில்லுங்க."

முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒரு கிழவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினாள். வீரம்மா. அவள் கோயில்காரியே இல்லை. நெற்றியில் திருநீறு, கையில் ஊதுபத்தி, இடுப்பில் ஒரு போத்தல் கறுப்பு பீர். புருஷன் அந்தோணி கிறிஸ்துவன். அவனைக் கட்டிக்கொண்டு கடைசிவரை மாரியம்மனையும் விடாதவள். வருஷம் தவறாமல் வந்து, ஃபாதர் போன பிறகு அந்த பீரை மண்ணில் ஊற்றிவிட்டுப் போவாள்.

"எம்புருஷன் கெடக்கறது ரெங்கசாமி கங்காணிக்குப் பக்கத்துல," என்று அவள் அங்கிருந்தே கத்தினாள். "உசுரோட இருந்தப்பவும் அவன் பக்கத்துலதான் குடிச்சிட்டு விழுந்து கெடப்பான். ரெங்கசாமி எங்கன்னு சொல்லுங்க, நான் மிச்சத்தைச் சொல்றேன்."

ரெங்கசாமியின் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மகன் மார்ட்டின் சொந்தமாக லோரி ஓட்டுகிறவன். மகள் ஸ்டெல்லா பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வைத்திருப்பவள். இருவரும் இறங்கிப் போய் ஆளுக்கு ஓர் இடத்தில் நின்றார்கள்.

"அப்பா இங்க," என்றான் மார்ட்டின்.

"அது ஓடைடா மாடு. அப்பாவை என்ன தண்ணியிலயா போட்டோம்? இங்க."

"நீ பொதைக்கறப்ப மயங்கி விழுந்துட்ட. உனக்கு என்ன தெரியும்?"

"விழுந்தது இந்த இடத்துலதான். எனக்குத் தெரியாதா எங்க விழுந்தேன்னு?"

சிரிப்பு எழுந்தது. ஜெசிந்தா சிரிக்கவில்லை. ரெங்கசாமியை வைத்து அந்தோணி, அந்தோணியை வைத்துத்தான் ரோசலின்; அண்ணன் தங்கைக்கு நடுவே இருந்த அந்த நாலு முழத்தில்தான் அவள் பிள்ளையின் இடம் ஊசலாடியது.

"செங்கல்லு இருக்கும்," என்றார் பின்னாலிருந்து ஒருவர். "பழைய ரப்பர் ஆலை இடிச்சப்ப அந்தச் செங்கல்லை வச்சுத்தான எல்லாரும் கல்லறைக்கு வரம்பு கட்டுனோம். மண்ணுக்குள்ள போயிருக்கும். குத்திப் பாருங்க."

மார்ட்டின் ஓடிப்போய் லோரியிலிருந்து நீளமான இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தான். தங்கை நின்ற இடத்தில் குத்தினான். மெத்தென்று இறங்கியது. தான் நின்ற இடத்தில் குத்தினான். அங்கேயும் இறங்கியது. இரண்டுக்கும் நடுவில் குத்தியபோது டக்கென்றது. குனிந்து மண்ணைக் கையால் விலக்கினான். கறுத்த செங்கல், அதை அடுத்து இன்னொன்று, வரிசையாக.

"ரெண்டு பேருக்கும் இல்லாம நடுவுல படுத்திருக்காரு பாரு அப்பா," என்று சொல்லிக்கொண்டே ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள்.

வீரம்மா அங்கிருந்து ஓர் ஆள் அகலம் தள்ளி நின்று காலால் தரையைத் தட்டினாள். கம்பி இறங்கியது. டக். "கெடக்கான்," என்றாள், பீர்ப் போத்தலை மண்ணில் ஊன்றி வைத்தபடி. அதைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். யாருக்குப் பக்கத்தில் யார், எந்த மழையில் எந்தப் பக்கம் மண் சரிந்தது, யாருடைய கால்மாட்டில் யாருடைய குழந்தை என்று சத்தமும் சண்டையுமாகத் தோட்டம் நிறைந்தது. கம்பி கை மாறிக்கொண்டே போனது.

"அந்தோணிக்கு அடுத்து எம்பொண்ணு," என்றாள் ஜெசிந்தா.

சொல்லிவிட்டுத்தான் பார்த்தாள். அந்தோணிக்கு அடுத்து மண் இல்லை. சிமெந்துத் தளம் இருந்தது. அதன்மேல் நாலு பச்சைக் குப்பைத் தொட்டிகள், சக்கரம் வைத்தவை. ஒன்றின் மூடி திறந்து, முந்தின நாள் கோத்தோங்-ரோயோங்கில் தின்ற பீஹூன் சேமியாப் பொட்டலங்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. தொட்டியின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒழுகித் தளத்தில் கோடு போட்டிருந்தது.

சாலையில் ஒரு கன்டெய்னர் லோரி கியர் மாற்றிக்கொண்டு போனது.

"இது எப்ப வந்துச்சு?" என்றாள்.

பேட்ரிக் அய்யாவு தொண்டையைச் செருமினார். "ரெண்டு வருஷம் முந்தி ஆன்டி. ஃபுட் ஃபேருக்கு. குப்பை லோரிக்காரன் உள்ள வரமாட்டேன்னுட்டான், குப்பைத் தோங்கை ஓடைப்பக்கம் வச்சாதான் எடுப்பேன்னான். அப்ப இந்த எடத்துல ஒண்ணுமே இல்ல. வெறும் லாலாங்."

"லாலாங்குக்குள்ள சிலுவை இருந்துச்சா?"

"நாலஞ்சு கெடந்துச்சு. தூக்கிப் போடல ஆன்டி. டாய்லெட்டுக்குப் பின்னாடி பத்திரமா சாத்தி வச்சிருந்து, நேத்து அதையும் சேத்து வரிசையில வச்சிட்டோம்."

"சிலுவை இருந்துச்சு, கீழ ஆள் இல்லன்னு நெனச்சீங்களா? இல்ல, இருந்தா என்ன பண்ணிடுவாங்கன்னு நெனச்சீங்களா?"

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நீங்களும் நாலு வருஷமா வரவே இல்லையே ஆன்டி. ஒரு தடவை வந்து எட்டிப் பாத்திருந்தா அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

கிளமென்ட் முன்னால் பாய்ந்தான். ஜெசிந்தா ஒரு கையால் அவனைத் தடுத்தாள்.

"வரல. என் புருஷனுக்குப் பீ மூத்திரம் அள்ளிக்கிட்டிருந்தேன். நாலு வருஷம் வராதவ பிள்ளை மேல குப்பைத் தொட்டி வைக்கலாம்னு எந்த வேதத்துல இருக்கு? வெள்ளைக்காரன் பிள்ளைங்க எத்தனை வருஷமா வரல? நூறு வருஷமா ஒருத்தனும் எட்டிப் பாக்கல. அவன் கல்லு மேல ஒரு தோங் வச்சீங்களா? சோப்புப் போட்டுத் தேய்க்கறீங்க. உங்க அப்பா எங்க பேட்ரிக் படுத்திருக்காரு?"

"செராஸ் கல்லறைத் தோட்டத்துல."

"இப்ப வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க. அவர் மேல என்ன வச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வந்து எங்கிட்டப் பேசுங்க."

அந்த நேரத்தில் மணி அடித்தது. ஃபாதர் நோயல் வெள்ளை அங்கியும் கையில் தீர்த்தச் செம்புமாகச் சரிவில் இறங்கி வந்தார். வேலியோரம் வரிசையாக நிற்பார்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். ஜனம் தோட்டமெல்லாம் சிதறி நின்று தரையில் மெழுகுவர்த்தி ஊன்றியிருப்பதைப் பார்த்து அவர் தயங்கினார். பிறகு வழக்கப்படி எரியும் இடத்தில் எல்லாம் நின்றார். ரெங்கசாமி மேல் தெளித்தார். அந்தோணி மேல் தெளித்தார். வீரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஜெசிந்தா ஒரு குப்பைத் தொட்டியைப் பிடித்து இழுத்தாள். சக்கரம் சிக்கியது. கிளமென்ட் வந்து சேர்ந்து இழுத்தான். தொட்டி சாய்ந்து பொட்டலங்கள் கொட்டின. அந்த நாற்றத்தின் நடுவில், ஈரக் கோடு போட்ட சிமெந்தின்மேல் அவள் மண்டியிட்டு மெழுகுவர்த்தியை ஏற்றி ஊன்றினாள். காற்று இரண்டு தடவை அணைத்தது. மூன்றாவது தடவை நின்றது.

ஃபாதர் நோயல் தளத்தின் ஓரத்தில் வந்து நின்றார். "ஆன்டி, இங்கயா?"

"இங்கதான். எம்பொண்ணு இதுக்குக் கீழ இருக்கா. மந்திரிங்க ஃபாதர்."

"இல்ல... இடத்தைச் சுத்தம் பண்ணிட்டு, அப்புறமா ஒரு நாள் அமைதியா வச்சுக்கலாமே. இதுல எப்படி..."

"நாறுதா? அவ ரெண்டு வருஷமா இதுலதான் கெடக்கா. நீங்க ஒரு நிமிஷம் நில்லுங்க."

இளம் சாமியாரின் முகம் சிவந்தது. அங்கியின் கீழ்விளிம்பை ஒரு கையால் தூக்கிக்கொண்டு தளத்தின்மேல் ஏறினார். பீஹூன் அவர் செருப்பில் ஒட்டியது. ஜெபத்தைத் தொடங்கி, பெயர் சொல்லும் இடத்தில் நிறுத்தினார். வேறு எந்தக் கல்லறையிலும் அவர் யார் பெயரையும் கேட்கவில்லை.

"ரோசலின்," என்றாள் ஜெசிந்தா.

"ரோசலின்," என்று சொல்லி அவர் தீர்த்தம் தெளித்தார்.

அவர் இறங்கியதும் மார்ட்டின் சம்மட்டியோடு வந்து நின்றான். லோரியில் அவனிடம் இல்லாத சாமான் இல்லை போலிருக்கிறது. "தள்ளுங்க ஆன்டி, நான் உடைக்கறேன்."

"நீ வேணாம் தம்பி. அவர்கிட்டக் குடு."

எல்லாரும் பேட்ரிக் அய்யாவைப் பார்த்தார்கள்.

"ஆன்டி, நாளைக் கழிச்சு மண்டே கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு மெஷின் வச்சு உடைச்சிடறேன். என் வார்த்தைய நம்புங்க."

"என் புருஷனை மண்டே வரைக்கும் நீங்க வச்சிருக்கீங்களா? இந்தாங்க." அவள் பையோடு பெட்டியை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. பெட்டியையும் அதை நீட்டிய கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சம்மட்டியை வாங்கினார்.

முதல் அடி தளத்தில் பட்டுத் துள்ளியது. இரண்டாவது அடியில் ஓரம் விண்டது. அதற்கப்புறம் ரொட்டி மாதிரி உடைந்தது. உள்ளே ஒரு கம்பி கிடையாது, ஜல்லி கிடையாது, மணலுக்குச் சிமெந்தைக் காட்டிவிட்டு ஊற்றியிருந்தார்கள். என் பிள்ளை மேல் போட்டதையாவது ஒழுங்காகப் போட்டார்களா என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. அந்த நினைப்பே அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பேட்ரிக் அய்யாவின் பாத்தேக் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு வாங்கியது. ஒருவரும் போதும் என்று சொல்லவில்லை. மழையும் தூற ஆரம்பித்தது.

ஒரு முறம் அகலத்துக்கு மண் தெரிந்ததும் கிளமென்ட் சங்கோலை எடுத்துக்கொண்டு இறங்கினான். ஒரு சாண் ஆழத்தில் செங்கல் இடறியது. அந்தோணியுடையதைவிடக் குறுகலான வரம்பு. பிள்ளைக்குக் கட்டியது.

"அம்மா," என்றான்.

ஜெசிந்தா மண்ணில் உட்கார்ந்தாள். வரம்புக்கு உள்பக்கமாக மகன் தோண்டிக்கொடுத்த குழியில் பெட்டியை இறக்கினாள். ஃபாதர் நோயல் மறுபடி வந்து, இந்தத் தடவை கேட்காமலே, சூசைநாதன் பெயரைச் சொன்னார். அவள் இரண்டு கையாலும் மண்ணை அள்ளி மூடினாள். சிமெந்துச் சில்லு ஒன்று மண்ணோடு வந்தது. அதைப் பொறுக்கித் தூர எறிந்துவிட்டு மறுபடியும் அள்ளினாள்.

எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். பேட்ரிக் அய்யாவு கை கொடுத்தார். அவள் மகனைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஆன்டி, எங்க மேல கோபம் வச்சுக்காதீங்க," என்றார் அவர் தாழ்ந்த குரலில். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. "மீதித் தளத்தை மண்டே எடுத்துடறேன்."

"எடுங்க. நான் வந்து நிப்பேன்."

வேலியோரம் கலைந்துகொண்டிருந்தது. ஆட்கள் தங்கள் சிலுவையைத் தோளில் சுமந்து மழையில் இறங்கினார்கள். மார்ட்டினும் ஸ்டெல்லாவும் அப்பாவுடையதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மெதுவா மெதுவா என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டே போனார்கள். நேர்வரிசையில் ஓட்டைகள் விழுந்தன. ஆனாலும் வரிசையில் பாதிக்குமேல் அப்படியே நின்றது. அவற்றை எடுக்க யாரும் வரவில்லை.

"இவங்கெல்லாம்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"அவங்களுக்கு ஆளே இல்லையே ஆன்டி. யாரு வந்து எடம் காட்டுவா?"

"அவங்க எடத்துலதான் இருந்தாங்க. நீங்கதான் நகத்துனீங்க."

அவர் மழையில் நனைந்தபடி வேலியைப் பார்த்தார். பெயின்ட் சரியாகக் காய்ந்திருக்கவில்லை. சில சிலுவைகளிலிருந்து வெள்ளைத் தண்ணீர் வழிந்து புல்லில் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்பாவுடைய சிலுவையை நட்டுவிட்டு மார்ட்டின் இரும்புக் கம்பியோடு மேலே வந்தான்.

"அந்தக் கம்பிய அவர்கிட்டக் குடு மார்ட்டின்," என்றாள் ஜெசிந்தா.